கணக்குக்கு வெளியே ஒரு நிரல்

கணினி விளையாட்டுகளின் வரலாற்றை, எம்.ஐ.டி.யில் 1962-இல் உருவான ‘ஸ்பேஸ்வார்’ விண்வெளிச் சண்டையிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே இங்கிலாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர் கணினியைச் செக்கர்ஸ் ஆட வைத்துவிட்டார். நிரல் எழுதும் கலை எப்படி வளர்ந்தது என்று அறிய விரும்புபவர்கள் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி ஹாரோ பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1951 ஜனவரியில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது ‘பைலட் ஏஸ்’ கணினியைப் பார்த்தார். சமன்பாடுகளைத் தீர்க்கவும் அட்டவணை போடவும்தான் அன்று கணினி. ஸ்ட்ரேச்சிக்கோ அதனுடன் செக்கர்ஸ் ஆடிப் பார்க்க வேண்டும். விடுமுறை நேரங்களில் நிரலை எழுதினார். ஜூலை 30 அன்று ஓட்டிப் பார்த்தால், நினைவகம் போதவில்லை.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெரான்டி மார்க் 1 கணினியில் நினைவகம் அதிகம். அதற்கான கையேட்டை எழுதியவர் ஆலன் டூரிங். கேம்பிரிட்ஜ் நாட்களிலேயே ஸ்ட்ரேச்சிக்கு அறிமுகமானவர். அவரிடமே கையேட்டைக் கேட்டு வாங்கி நிரலைத் திருத்தி எழுதினார். 1952 கோடையில் அந்த எந்திரம் ஒரு முழு ஆட்டத்தை ஆடி முடித்தது.

எப்படி? செக்கர்ஸ் காய்கள் நிற்கும் கட்டங்கள் மொத்தம் 32. காய் இருக்கும் கட்டத்துக்கு 1, காலிக் கட்டத்துக்கு 0. கறுப்புக் காய்களுக்கு இப்படி 32 இலக்கங்கள் கொண்ட ஓர் எண், வெள்ளைக்கு இன்னொன்று, ராஜாக்களுக்கு மூன்றாவது. முழுப் பலகையும் மூன்று எண்களில் அடங்கிவிட்டது! இந்த அமைப்பில் இலக்கங்களைச் சில இடம் தள்ளினாலே காய்கள் மூலைவாட்டில் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். எதிராளியின் எண்ணோடு ஒப்பிட்டால் எந்தக் காயை வெட்டலாம் என்பது தெரிந்துவிடும். பிறகு சில நகர்வுகள் முன்னோக்கிப் பார்த்து, எந்த வழியில் லாபம் என்று கணினி முடிவெடுக்கும். கூட்டிக் கழிக்கக் கட்டிய எந்திரத்தில், எண்ணுக்கு எண் அல்லாத ஒரு பொருளை ஸ்ட்ரேச்சி கொடுத்தார். இன்று எழுத்தும் படமும் பாட்டும் கணினிக்குள் இருப்பது இதே வழியில்தான். ஆட்டத்தைவிடப் பெரிய சாதனை இது என்பேன்.

பலகை திரையில் தெரிந்தது. டெலிபிரின்டர் வழியாக எந்திரம் பேசியது. ஆடுபவர் திரும்பத் திரும்பத் தவறாகத் தட்டினால், பொறுமையிழந்து ‘இனி ஆடமாட்டேன்’ என்கிற மாதிரி அச்சடிக்கும்.

அதே 1952-இல் டொரன்டோ மாநாட்டில் ஸ்ட்ரேச்சி வாசித்த கட்டுரையின் பொருளே கணிதம் சாராத நிரல்கள்தான். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆர்தர் சாமுவேல் அந்த வழியில் சொந்தமாக ஒரு செக்கர்ஸ் நிரல் எழுதி, ஆட ஆட அது தன்னைத் திருத்திக்கொள்ளும்படி செய்தார். ‘மெஷின் லேர்னிங்’ என்ற பெயரைப் பரப்பியது 1959-இல் அவர் எழுதிய கட்டுரை.

ஸ்ட்ரேச்சி ஆசிரியர் வேலையை விட்டார். அறுபதுகளில் கேம்பிரிட்ஜ், லண்டன் பல்கலைக்கழகங்களின் அறிஞர்களோடு சேர்ந்து சி.பி.எல். என்ற நிரல்மொழியை வடிவமைத்தார். அதைச் சுருக்கி மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் பி.சி.பி.எல். செய்தார், அதிலிருந்து கென் தாம்சனின் ‘பி’ வந்தது, ‘பி’யிலிருந்து டென்னிஸ் ரிச்சி உருவாக்கியதுதான் நம் பொறியியல் மாணவர்கள் முதலாண்டில் படிக்கும் ‘சி’.