ஒலிபெருக்கி விளிம்பு வளையம்: நுரையும் ரப்பரும்

ஒலிபெருக்கியின் கூம்பை உலோகச் சட்டத்துடன் இணைக்கும் நெகிழ்வான வளையம் 'சரவுண்ட்' எனப்படும். கூம்பு முன்னும் பின்னும் அசைய இது இடமளிக்கிறது. கம்பிச்சுருள் காந்த இடைவெளியின் நடுவில் நிற்கவும் உதவுகிறது.

பாலியூரித்தேன் நுரை வளையம் எடை குறைந்தது. எனவே அதே மின்திறனுக்குச் சற்று உரத்த ஒலி கிடைக்கும். ஆனால் ஈரப்பதமும் வெப்பமும் நுரையின் வேதிப்பிணைப்புகளை அறுப்பதால், ஒலிபெருக்கியைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் 10 முதல் 20 ஆண்டுகளில் நுரை உதிரத் தொடங்கும். கடுங்கோடையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி வரும் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி போன்ற ஊர்களில் இச்சிதைவு விரைவுபடும்.

பியூட்டைல் போன்ற ரப்பர் வளையங்கள் பல பத்தாண்டுகள் உழைக்கும். எடை கூடுதல் என்பதால் ஒலியளவு சிறிது குறையலாம்.

நுரையை விரலால் மெல்லத் தொடும்போது பிசுபிசுத்தாலோ தூள் ஒட்டினாலோ வளையத்தை மாற்ற வேண்டும். கிழிந்த வளையத்துடன் தொடர்ந்து இயக்கினால் கம்பிச்சுருள் காந்தத்தில் உரசிக் கெடும். அதற்குமுன் கவனித்தால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். ஒலிபெருக்கியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

நுரை இருந்த இடத்தில் ரப்பரை ஒட்டினால், அசையும் பகுதியின் எடையும் விறைப்பும் மாறி, தாழ்சுர ஒலியும் மாறிவிடும். ஆகவே பழையதை அதே அளவு நுரையால் புதுப்பிப்பதும், புதிதாக வாங்குவோர் ரப்பரைத் தேர்வதும் ஏற்றது.