பொன் மீனுக்கு எவ்வளவு எண்ணெய்?

கோழி வளர்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். தீனி மிஞ்சிக் கொழுத்துப்போன கோழி சரியாக முட்டை இடாது. தீனி போதாத கோழியும் இடாது. மீனும் அப்படித்தான்.

இமயமலை ஆறுகளில் ஒரு மீன் உண்டு. அதன் பெயர் பொன் மகாசீர். நம் ஊர்க் கெண்டைக்கு உறவு. செதில்கள் பொன்போல மின்னும். 50 கிலோ வரைகூட வளரும். மழைக்காலத்தில் இது வெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறும். சிற்றாறுகளில் கூழாங்கற்களுக்கு இடையே முட்டை இடும்.

இன்று இந்த மீன் அருகிவிட்டது. அணைகள் வழியை மறித்தன. வெடி வைத்து மீன் பிடித்தார்கள். ஆற்று மணலும் கல்லும் அள்ளப்பட்டன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று பட்டியலில் சேர்த்துள்ளது. இன்னொரு குறையும் உண்டு. ரோகு மீன் லட்சக்கணக்கில் முட்டை இடும். மகாசீர் இடுவது ஆயிரக்கணக்கில்தான்.

உத்தரகண்ட் மாநிலத்தில் நைனிதால் அருகே பீம்தால் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மத்திய அரசின் குளிர்நீர் மீன் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. முட்டை இடும் காலத்தில் தாய் மீனைப் பிடிப்பார்கள். வயிற்றை மெதுவாகத் தடவி முட்டையை எடுப்பார்கள். ஆண் மீனின் விந்தைக் கலந்து பொரிக்க வைப்பார்கள். ஆனால் தொட்டியிலேயே வளர்ந்த பெண் மீன்கள் எளிதில் சினைப்படவில்லை. ஏரியில் உள்ள தாய் மீன்களையே எத்தனை காலம் நம்பி இருப்பது?

வெளிச்சத்தையும் நீரின் சூட்டையும் மாற்றிப் பார்த்தார்கள். தொட்டி மீன்கள் சினைப்பட்டு முட்டை இட்டன. இது 2018-இல் வெளிவந்த செய்தி. வெளிச்சமும் சூடும் "காலம் வந்துவிட்டது" என்று மீனுக்குச் சொல்கின்றன. ஆனால் முட்டைக்குச் சரக்கு வேண்டுமே! அது தீனியிலிருந்துதான் வர வேண்டும்.

மீன் முட்டையில் மஞ்சள் கரு இருக்கிறது. தாயின் ஈரல் கொழுப்பையும் புரதத்தையும் சேர்த்து இதற்கான சத்தைச் செய்கிறது. இரத்தம் அதைச் சினைப்பைக்குக் கொண்டுபோகிறது. பொரித்த குஞ்சு முதல் சில நாட்கள் இதைத்தான் உண்டு வாழும். அதற்குக் கடையில் வாங்கித் தர யாரும் இல்லை! எனவே முட்டை இடும் மாதத்தில் மட்டும் நல்ல தீனி போட்டால் போதாது. பல மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

எந்தக் கொழுப்பு? குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். மீன் எண்ணெய் அவ்வளவு எளிதில் உறையாது. ஆளி விதை எண்ணெயும் அப்படித்தான். மலை நீர் குளிர்ந்தது. அங்கே வாழும் மீனின் உடலுக்கு உறையாத கொழுப்பு வேண்டும். குஞ்சின் கண்ணும் மூளையும் உருவாகவும் இதுவே தேவை. கொழுப்பிலிருந்துதான் முட்டையை வெளியே தள்ளத் தூண்டும் பொருளும் உண்டாகிறது. ஆண் மீனின் விந்தணுவுக்கும் கொழுப்பு வேண்டும்.

அப்படியானால் எண்ணெயை நிறைய ஊற்றலாமா? கூடாது. மிஞ்சிய கொழுப்பு ஈரலிலும் குடலைச் சுற்றியும் படியும். வயிறு பெருத்திருக்கும். சினை என்று நினைத்துப் பார்த்தால் உள்ளே கொழுப்புதான் இருக்கும்.

தீனி மூட்டையை ஈரத்தில் வைப்பதும் தவறு. தவிட்டிலும் தீனியிலும் உள்ள எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். அப்போது வைட்டமின் ஈ அழிந்துவிடும். அது கருவுக்கு மிகவும் தேவையான சத்து. இப்படி ஒரு மூட்டை கெட்டதைக் கவனிக்காமல் போட்டால், ஒரு வருடத்துக் குஞ்சுகளே குறைந்துபோகலாம். மகாசீர் பெண் மீன் முதிர்வதற்கே சில வருடங்கள் ஆகும்.

ஆகவே மீனுக்குத் தீனி வைப்பவர் முதலில் மூட்டையை முகர்ந்து பார்க்கிறார். பிறகுதான் தராசை எடுக்கிறார்.