மருந்து எனும் சொல்

ஐப்பசியில் யோங் பெங் தமிழர் இல்லங்களில் தீபாவளி மருந்து கிளறுவர். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் ஆகியவற்றை வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகில் இட்டு, நெய் பிரியும்வரை கிளறுவது அது. உண்பதேயாயினும் அதனை மருந்து என்கிறோம்; முகம் வெளுக்கப் பூசுவதையோ 'அழகு கிரீம்' என்கிறோம். ஆயின் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெடினோயின் கலந்த கிரீம்கள் பலவற்றின் அறிவிப்பை மலேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு நீக்கியுள்ளது. பின்னிரண்டும் மருத்துவர் மேற்பார்வையில் பயன்படுத்தவேண்டிய மருந்துகள். பாதரசமோ சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. பூசிய தாயின் கன்னத்தைத் தொடும் குழந்தையையும் அது சேரும்.

சிமிழில் எண்ணைப் பாருங்கள். பதிவுபெற்ற மருந்துக்கு 'எம்ஏஎல்', ஒப்பனைப் பொருளுக்கு 'என்ஓடி' எனத் தொடங்கும். பின்னது ஆங்கிலத்தில் 'இல்லை' எனப் பொருள்படுவது தற்செயலே! விற்பனைக்கு முன் அறிவித்ததை மட்டுமே அவ்வெண் காட்டும். சோதித்துச் சான்றளித்ததை அன்று.