உயரம் குறைந்த மலைக்கு வந்த பெருமை

மலை எவ்வளவு உயரமோ, அவ்வளவு கடுமையானது அதன் வானிலை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். மறுபாதியை அறிய இமயம் வரை செல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குச் சென்றால் போதும்.

அங்கே சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். கொடைக்கானல் வானாய்வகமோ அதனினும் மும்மடங்கு உயரத்தில், 2,343 மீட்டரில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. குளிர்ச்சியில் கொடைக்கானலே மேலானது. ஆனால் 1960-இல் அதன் இயக்குநரான வைணு பாப்பு, இரவு வானை ஆராய வேறிடம் தேடினார். அங்கே மேகம் அடிக்கடி விண்மீன்களை மறைத்ததே காரணம். அவர் தேர்ந்தெடுத்தது, உயரம் குறைந்த இந்தக் காவலூரை! மழைக்காலம் நீங்கிய மாதங்களில் இங்கே தெளிந்த வானம் கிடைத்தது. 1986-இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி இங்கு தொடங்கி வைக்கப்பட்டு, மறைந்த பாப்புவின் பெயரையே பெற்றது.

அப்படியானால் உயரத்திற்கு மதிப்பே இல்லையா? உண்டு. லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் மற்றொரு தொலைநோக்கி இருக்கிறது. வறண்ட காற்றால் வானம் பளிங்குபோல் தெளிந்திருக்கும். ஆனால் குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்திற்கு 25 டிகிரிக்கும் கீழே இறங்கும். மூச்சு விடவும் காற்று போதாது. ஆகவே பெங்களூருக்கு அருகிலுள்ள ஒசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியே அதனை இயக்குகிறார்கள்.

இன்னொரு வியப்பையும் கேளுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மலை 1,917 மீட்டர். நமது தொட்டபெட்டாவைவிட 700 மீட்டர் குறைவு. ஆயினும் 1934 ஏப்ரலில் அதன் உச்சியில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று வீசியது. புயல்கள் செல்லும் பாதைகள் கூடுமிடத்தில், காற்றை மறித்து நிற்பதே அதற்குக் காரணம்.

எனவே, குடும்பத்துடன் மலைக்குப் புறப்படுமுன் உயரத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். எந்த மாதம், காற்று எப்பக்கம், மழை எப்போது என்று அவ்வூராரையும் கேளுங்கள். லடாக் செல்வோர் லே நகரில் சில நாள் தங்கி உடலைப் பழக்குங்கள். ஜவ்வாது மலைதானே என்று எண்ணி, இடி முழங்கும் வேளையில் பிள்ளைகளை மரத்தடியில் நிறுத்தாதீர்கள். மின்னலுக்கு மலையின் உயரம் ஒரு பொருட்டன்று.