பில் இல்லை, போர்டு மட்டும்தான் இருக்கு... அட்வான்ஸை திரும்ப வாங்க முடியுமா?

மாமல்லபுரத்தில் கல் விநாயகர் ஆர்டர், கோவளத்தில் சர்ஃபிங் கிளாஸ், கூடுவாஞ்சேரி ஃபிளாட்டுக்கு மாடுலர் கிச்சன், கல்யாணத்துக்கு போட்டோகிராபர். இதில் பாதிப் பேர் கம்பெனியெல்லாம் கிடையாது, தனி ஆள்தான். ஜிபே-ல 18,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டாச்சு. சொன்ன தேதி போய் நாலு மாசம் ஆச்சு, போனை எடுக்க மாட்டேங்கிறார். ஸ்டேஷனுக்குப் போனால், 'இது சிவில் மேட்டர்ப்பா' என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்து என்ன?

நுகர்வோர் ஆணையம்தான். எதிராளி தனிநபரா, கம்பெனியா என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பார்ப்பதில்லை. காசு கொடுத்து பொருளோ சேவையோ வாங்கினீர்களா என்பதுதான் கேள்வி. ஜிஎஸ்டி நம்பர் இல்லாததால் அவர் தப்பிக்கவும் முடியாது. பில் கொடுக்காமல் இருப்பதையே இந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது!

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: யார் மீது கேஸ்? பிளெக்ஸ் போர்டில் இருக்கும் கடைப் பெயருக்குத் தனியாகச் சட்ட அடையாளம் கிடையாது. கடையும் அவரும் ஒன்றுதான். அதனால் 'இன்னார், இந்தக் கடையின் உரிமையாளர்' என்று ஆளின் பெயரும், நோட்டீஸ் போய்ச் சேரும் முகவரியும் வேண்டும். இன்ஸ்டா ஐடி முகவரி ஆகாது. யுபிஐ-யில் பணம் போடும்போது தெரியும் வங்கிக் கணக்குப் பெயர் இங்கே பெரிய உதவி. அந்த ஸ்கிரீன்ஷாட்டையும், விலை, தேதி பேசிய வாட்ஸ்அப் சாட்டையும் அழிச்சிடாதீங்க. முகவரியை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்குவது நல்லது. பிரச்னை வந்த பிறகு யார் சொல்வார்?

முதலில் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். கொடுத்த தொகை, பேசிய தேதி, 15 நாள் அவகாசம்... இவ்வளவு போதும். போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பல பேர் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் முயலலாம். ஆனால், அது சமரசம் பேசும் இடம்தான், உத்தரவு போடாது.

அசையவில்லை என்றால், மாவட்ட ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். செங்கல்பட்டு மாவட்டக்காரர்களுக்கு செங்கல்பட்டிலேயே ஆணையம் இருக்கிறது. மதுரையிலிருந்து டூர் வந்து சிலைக்கு ஆர்டர் கொடுத்தவரா? மதுரையிலேயே போடலாம். வசிக்கும் ஊரில் புகார் செய்யும் உரிமையை 2019 சட்டம்தான் தந்தது. பிரச்னை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் மறக்காதீங்க.

தொழிலுக்காக வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பார்கள். முழு உண்மை அல்ல. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. பிழைப்புக்காகத் தன் படகுக்கு இன்ஜின் வாங்கும் மீனவருக்கும் இதே நியாயம்தான்.

18,000 ரூபாய்க்கு 5 லட்சம் மன உளைச்சல் இழப்பீடு கேட்டு மனு போடுவது வேலைக்கு ஆகாது. கொடுத்த பணம், வட்டி, நியாயமான ஒரு இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேளுங்கள். சிற்பி பக்கமும் கொஞ்சம் யோசிக்கணும்: தேதியே பேசாமல் ஆர்டர் கொடுத்துவிட்டு, 'லேட்' என்று வழக்காடுவது கஷ்டம்.

எதிராளி பதில் தர 30 நாள், கூடுதலாக அதிகபட்சம் 15 நாள். 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் இழுக்கும். ஜெயித்த பிறகும் பணம் வரவில்லையா? அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடலாம். தனி ஆள் தொழில் என்பதால், கடைச் சொத்து என்று தனியாக ஒன்றும் இல்லை; அவருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். உத்தரவை மதிக்காதவருக்கு 1 மாதம் முதல் 3 வருடம் வரை சிறையோ, குறைந்தது 25,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கையில் ஒன்றுமே இல்லாத ஆளிடம் மொத்தமாக வராது என்பதும் நிஜம். அவர் தவணையில் தருகிறேன் என்றால், ஆணையத்தின் முன்பே எழுத்தில் பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.