மேலே கண்ணாடி, உள்ளே கனி

மலேசியாவின் பொரித்த வாழைப்பழமான பீசாங் கோரேங்கைக் கடித்தால் முதலில் வருவது ஓசை. மேலோடு நொறுங்குகிறது, மறுகணமே சூடான வாழைப்பழம் குழைந்து நாக்கில் இறங்குகிறது. நொறுங்கும் இடத்துக்கும் குழையும் இடத்துக்கும் நடுவே இருப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். வெளியே ஈரமே இல்லை. உள்ளே எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். இரண்டுமே ஒரே எண்ணெயில், ஒரே நேரம் வெந்தவை. எப்படி இப்படி ஆகிறது?

இந்தக் கேள்வியைப் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நின்று கேட்பது பொருத்தம். முன்பு பிட் ஸ்ட்ரீட் என்று அழைக்கப்பட்ட சாலை அது. 1801-இல் காதர் முகைதீனின் தலைமையில் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் வடக்கே நடந்தால் குவான் யின் கோயில், அதற்கும் அப்பால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். பின்பக்கம் குவீன் தெருவில் மாரியம்மன் கோயில். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று யார் வீட்டு அடுப்பில் பொரித்தாலும் அதற்கு வேண்டிய சரக்கெல்லாம் இந்த வட்டாரத்திலேயே கிடைத்துவிடும். பழம், அரிசி மாவு, பாமாயில், பிறகு வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு. பலகாரத்தில் சுண்ணாம்பா? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான். ஆனால் பழத்திலிருந்து தொடங்குவோம்.

காட்டு வாழைப்பழத்தை உரித்தால் உள்ளே நிறைய விதை, அதுவும் பல்லை உடைக்கும் கடினம். நாம் தின்னும் வாழைக்கு மூதாதை இரண்டு காட்டினங்கள்: மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா. இரண்டும் கலந்து பிறந்த வகைகளில் பெரும்பாலானவை மும்மயம், அதாவது ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதிலாக மூன்று. ஒரு தொகுதிக்கு 11 வீதம் மொத்தம் 33. இனப்பெருக்கச் செல் உருவாக வேண்டுமானால் தொகுதிகள் சரிபாதியாகப் பிரிய வேண்டும். மூன்றைச் சரிபாதியாக்க வழியில்லை. அதனால் விதை பிடிப்பதில்லை, சதை மட்டும் திரள்கிறது. செடியின் அந்தத் தடுமாற்றத்தை மனிதன் கண்டுகொண்டான். பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டு நட்டுக் காத்தான். பாப்புவா நியூ கினியின் மேட்டுநிலத்தில் குக் என்றொரு சதுப்புநிலம் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்டதற்கான சான்றாக மண்ணிலிருந்து எடுத்தவை தாவரக்கற்கள், அதாவது செடியின் செல்லுக்குள் சிலிக்கா படிந்து உருவான நுண்துகள்கள். இலை மட்கிப் போனாலும் அவை மட்குவதில்லை. அந்தச் சதுப்புநிலமும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது ஒரே ஆண்டில், 2008-இல்.

மலேசியச் சந்தையில் பொரிப்பதற்கென்று பீசாங் ஆவாக், பீசாங் நங்கா, பீசாங் தண்டோக், பீசாங் அபு என்று கேட்டு வாங்குவார்கள். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இவை அந்நியமல்ல. பீசாங் ஆவாக் வேறெதுவுமில்லை, நம் கற்பூரவள்ளியின் உறவுதான். ரஸ்தாளியோ பெயரோடு கடல் தாண்டியிருக்கிறது; மலாய்க்காரர்களும் அதைப் பீசாங் ரஸ்தாலி என்றே கேட்கிறார்கள். நாகர்கோவில் பக்கம் இதே வேலைக்கு ஏத்தம்பழம். கேரளத்துப் பழம்பொரியும் அதில்தான்.

இந்த வகைகளுக்கு மட்டும் ஏன் இந்த மதிப்பு? காயாக இருக்கும்போது வாழைச் சதையின் 100 கிராமில் 20 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும். பழுக்கத் தொடங்கியதும் காய் தானே எத்திலீன் வாயுவை வெளியிடும். அந்தச் சமிக்ஞையில் நொதிகள் விழித்துக்கொண்டு மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும். சாதாரணப் பழங்களில் ஒன்றிரண்டு கிராம் மாவு மிஞ்சினால் அதிகம். பொரிக்கும் வகைகளிலோ இந்த மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். பழுத்து மஞ்சளான பிறகும் கொஞ்சம் மாவுச்சத்து கையிருப்பில் நிற்கும். சூடான எண்ணெயில் பழம் கரைந்து ஓடாமல் உருவத்தைக் காப்பது அந்த மிச்சம்தான். தோல் மஞ்சளாகி அங்கங்கே கரும்புள்ளி விழுந்த பருவம் சரியான பருவம். தோல் முழுக்கக் கறுத்துவிட்டதென்றால் அந்தப் பழத்தை மசித்து, மாவில் பிசைந்து, உருண்டையாகக் கிள்ளிப் போடலாம். அதுவும் தனிச்சுவைதான்; மலேசிய வீடுகளில் மழைக்கால மாலைகளுக்கு உரியது.

இனி மாவு. கோதுமை மாவில் (தமிழ்நாட்டில் மைதா) தண்ணீர் பட்டதும் இரண்டு புரதங்கள் கைகோத்து குளூட்டன் என்னும் மீள்வலை பின்னும். அந்த வலைதான் மாவைப் பழத்தின் வழுக்கும் மேனியில் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் வலை கூடினால் மேலோடு மொறுமொறுக்காது, ரப்பராக இழுபடும். அரிசி மாவில் குளூட்டன் இல்லை. வெந்து காய்ந்தால் விறைத்து நிற்கும். எண்ணெயும் குறைவாகவே குடிக்கும். ஒன்று பிடித்துக்கொள்ளட்டும், மற்றது நொறுங்கட்டும் என்ற எண்ணத்தில் இரண்டையும் சேர்க்கிறோம். இரண்டு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு கோதுமை மாவு, கொஞ்சம் உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும், கலக்குவதும் கொஞ்சமாகவே இருக்கட்டும். கட்டி ஒன்றிரண்டு கிடந்தாலும் பாதகமில்லை. கலக்கக் கலக்க குளூட்டன் இறுகுமே, அதுதான் பாதகம்.

இப்போது சுண்ணாம்புக்கு வருவோம். மலாய் வீடுகளில் இதைக் காப்பூர் என்பார்கள். வேதிப்பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக் கடையில் உண்பதற்கென்றே விற்கும் சுண்ணாம்பு மட்டுமே இதற்கு ஆகும். வெள்ளையடிப்பதும் நீறாத கல்சுண்ணாம்பும் அடுப்படிக்கே வரக்கூடாது. சுண்டைக்காயளவு எடுத்து ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து அப்படியே வைத்துவிடுங்கள். வெள்ளை அடியில் தங்கும், மேலே தெளிவு நிற்கும். அந்தத் தெளிவை மட்டும் இறுத்து மாவைக் கரைக்க வேண்டும். தாய்லாந்திலும் வாழைப்பழம் பொரிப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். இதில் அளவுகோல் தண்ணீரே என்பதை நினைத்து நான் வியக்காத நாளில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராமுக்கும் குறைவான சுண்ணாம்புதான் கரையும். நீங்கள் நூறு கிராம் கொட்டினாலும் மிச்சம் அடியில் கிடக்குமே தவிர தெளிவில் ஏறாது. தராசே இல்லாமல் சமையலறை கண்டுபிடித்த துல்லிய அளவு இது.

கரைந்த அந்தச் சிறுதுளி இரண்டு வேலை பார்க்கிறது. பழத்தின் செல்சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பசை பெக்டின். கால்சியம் அந்தப் பெக்டின் இழைகளுக்கு நடுவே குறுக்குப் பாலம் போட்டுப் பழத்தின் மேற்பரப்பை இறுக்குகிறது. ஆக்ரா பேட்டா இனிப்பு செய்பவர்கள் பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பதும் இதற்காகவே. இரண்டாவது வேலை நிறம். சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகி மணம் வீசுவதற்கு மையார் வினை என்று பெயர். லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் இதை விவரித்தார். ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை, தோசையின் முறுகல் எல்லாம் இதன் கைவண்ணம். சுண்ணாம்பு போன்ற காரம் கூடிய கலவையில் இந்த வினை விரைவுபடும். சுண்ணாம்புத் தெளிவு சேர்த்த மேலோடு சீக்கிரம் பொன்னிறமாவது அதனால்தான். ஆனால் அடியில் கிடக்கும் வெள்ளையும் கலந்து சுண்ணாம்பு கூடிப்போனால் கசக்கும்.

கூடியதா இல்லையா என்று காட்டுவதற்கும் ஆள் உண்டு: அந்த ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். காரம் பட்டால் மஞ்சளில் உள்ள குர்குமின் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் சிவப்பு நீர் கரைக்கிறோமே, அதே வேதியியல். சுண்ணாம்புத் தெளிவில் மஞ்சள்தூளைப் போட்டதும் செக்கச்செவேலென்று ஆகும். மாவு சேரச்சேரச் சிவப்பு தணியும். மாவு முழுவதும் கரைந்த பிறகும் செங்கல் நிறம் விடவில்லையென்றால் சுண்ணாம்பு அதிகம் என்று பொருள். இன்னும் கொஞ்சம் அரிசி மாவும் வெறுந்தண்ணீரும் சேர்த்துச் சரிக்கட்டலாம்.

எண்ணெய், மலேசியாவில் பாமாயில்தான். அதன் கொழுப்பில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு; இரட்டைப் பிணைப்பு இல்லாததால் சூட்டில் ஆக்சிஜன் அதை எளிதில் தொடாது. அதனால் எண்ணெய் சீக்கிரம் சிக்குப்பிடிப்பதில்லை. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரில் தொடங்கியது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் குலை வெட்டியிருக்கிறார்கள். பலகாரச் சட்டியில் ஊற்றும் எண்ணெயைப் பேசும்போது அந்த உழைப்பைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

எண்ணெய்க்கு வேண்டிய சூடு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையா? ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். அடியிலேயே தங்கினால் சூடு போதாது, விழுந்ததும் கருகினால் மிஞ்சிவிட்டது. அமிழ்ந்து உடனே சலசலவென்று மேலே வந்தால் சரி.

பழத்தைப் போட்டதும் எழும் அந்தச் சலசலப்பு எண்ணெய் கொதிக்கும் ஓசையல்ல. மாவிலுள்ள தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகிப் பீறிட்டு வெளியேறும் ஓசை. ஒரு தேக்கரண்டித் தண்ணீர் ஆவியானால் எட்டு லிட்டருக்கு மேல் விரியும். ஒரு வாளி நிறையும். அத்தனையும் மேலோட்டின் நுண்துளைகள் வழியே வெளியே பாய்வதால், எண்ணெய் உள்ளே நுழைய வழியில்லை. இங்கேதான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. தண்ணீர் மிச்சம் இருக்கும்வரை எந்த இடமும் 100 டிகிரியை அதிகம் தாண்டாது, ஏனென்றால் வருகிற வெப்பத்தையெல்லாம் ஆவியாதலே விழுங்கிவிடும். பழத்தில் தண்ணீர் ஏராளம். அதனால் அது வேகிறது, சிவப்பதில்லை. மேலோட்டில் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. தீர்ந்த இடத்தில் சூடு 140, 150 என்று ஏறுகிறது, மையார் வினை முழுவீச்சில் நடக்கிறது. வெளியே ஒரு சமையல், உள்ளே ஒரு சமையல். இரண்டையும் பிரிக்கும் எல்லைக்கோடு, தண்ணீர் எதுவரை வற்றியதோ அதுவரை. சலசலப்பு அடங்கத் தொடங்கினால் மேலோடு காய்ந்துவிட்டது என்று காதே சொல்லிவிடும்.

எண்ணெய் உண்மையில் உள்ளே போவது சட்டியை விட்டு எடுத்த பிறகு. பலரும் நம்பமாட்டார்கள், ஆனால் இது ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. வெளியே வந்ததும் மேலோட்டுத் துளைகளில் நிற்கும் ஆவி குளிர்ந்து தண்ணீராகச் சுருங்கும். துளைக்குள் அழுத்தம் சரியும். மேனியில் ஒட்டியிருக்கும் எண்ணெயை அந்தச் சரிவு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே எடுத்த முதல் சில விநாடிகள்தான் முக்கியம். சூடான சட்டிக்கு மேலேயே கரண்டியை நன்றாக உதறி, எண்ணெயை அங்கேயே வடிய விடுங்கள். பிறகு கம்பித்தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். குவித்து மூடிவைத்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி மேலோட்டுக்கே திரும்பும்.

காய்ந்த மேலோடு இருப்பது கண்ணாடி நிலையில், அதாவது மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல், ஆனால் அசைய முடியாமல் உறைந்து நிற்கும் நிலையில். அசைய முடியாத பொருளை வளைத்தால் வளையாது, உடையும். அந்த உடைவின் ஓசையே மொறுமொறுப்பு. தண்ணீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்தால் இறுகி நின்றவை மறுபடி அசையும், கண்ணாடி ரப்பராகும். பினாங்குக் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம். எண்ணெய் வடிந்த கையோடு தின்பதே முறை.

இதே மாவில் செம்படாக் சுளையைப் பொரித்தால் இன்னொரு அதிசயம். பலாவின் உறவுதான், ஆனால் பழம் சிறியது, சதை இன்னும் குழைவானது, மணம் வீட்டை விட்டுத் தெருவுக்குப் போகும். சுளையைக் கொட்டையோடுதான் மாவில் தோய்ப்பார்கள். மேலோடு நொறுங்கும், அடுத்து சதை பாகாக வழியும், அதற்கும் உள்ளே கொட்டை மாவாக வெந்திருக்கும். சதையின் ஈரம் கொட்டையைச் சுற்றி நின்று அவித்துக் கொடுத்துவிடுகிறது. சர்க்கரை கூடிய பழம் என்பதால் சீக்கிரம் கருகும், தீயைச் சற்றுத் தணித்துக்கொள்ள வேண்டும்.

மிஞ்சியதை மறுநாள் சுடவைப்பவர்கள் மைக்ரோவேவ் அடுப்பைத் தவிர்ப்பது நல்லது. அது பழத்தின் தண்ணீரைத்தான் முதலில் சூடாக்கும். அந்த ஆவி மேலோட்டை இன்னும் நனைத்துவிடும். 180 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில் ஐந்தாறு நிமிடம் வையுங்கள். மேலோட்டில் ஏறிய ஈரம் வெளியேறும், ரப்பர் மறுபடி கண்ணாடியாகும்.