சாயம் காட்டிய மருந்து

தேவிகாபுரத்துத் தறியில் ஏறும் பட்டு, அதற்கு முன்பே சாய அண்டாவில் குளித்துவிட்டு வருகிறது. கொதிக்கும் சாயத்தில் பட்டுச் சிட்டத்தைக் கம்பில் மாட்டி முக்கிப் புரட்டினால் நிறம் இழைக்குள் இறங்கிவிடும். அதே அண்டாவில் ஒரு பருத்தி நூலை முக்கி அலசிப் பாருங்கள். பெரும்பாலான நிறம் தண்ணீரோடு போய்விடும். பட்டு புரதம், பருத்தி செல்லுலோஸ். பட்டுக்குப் போடும் அமிலச் சாயம் ஆள் பார்த்துத்தான் ஒட்டும்.

இந்த ஓரவஞ்சனைதான் நவீன மருந்துக்கு வழி காட்டியது. ஜெர்மானியரான பால் எர்லிக், மருத்துவ மாணவராக இருந்தபோதே சாயங்களைத் திசுக்களில் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு சாயமும் தனக்கென்று சில செல்களைப் பிடித்தது. மெத்திலீன் நீலம் மலேரியா கிருமியைப் பிடித்தது. தேடிப்போய் ஒட்டுகிற பொருள் கொல்லவும் செய்யலாமே? 1891இல் பெர்லினில் இரண்டு மலேரியா நோயாளிகளுக்கு அந்த நீலத்தையே மருந்தாகக் கொடுத்தார். காய்ச்சல் தணிந்தது. இதே யோசனையின் நீட்சியாக 1910இல் சிபிலிஸ் நோய்க்கான சல்வர்சான் மருந்து வந்தது.

மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லவும் சாயம் வேண்டும். காசநோயாளியின் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கி, அமிலத்தில் கழுவுவார்கள். மற்றவை எல்லாம் வெளுத்துவிடும். காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாது. பிறகு மெத்திலீன் நீலம். லென்ஸின் கீழே நீலத் தரையில் சிவப்புக் குச்சிகள் கிடக்கும்.

சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் இன்னொரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு மாத்திரை கொடுத்தது. சளிச் சோதனையும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையும் எக்ஸ்ரேயும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லின: வீட்டுச் சிகிச்சை குறைந்ததல்ல. 1959இல் வெளியான அந்த முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது.

புது மருந்தைத் தேட இன்று செல்லுக்கே வண்ணம் தீட்டுகிறார்கள். 2013இல் அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிறுவனத்தினர் அறிமுகப்படுத்திய முறையில், ஆறு ஒளிரும் சாயங்கள் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா உட்படப் பல உறுப்புகளைப் பிரித்துக் காட்டும். 384 குழிகள் கொண்ட தட்டில் குழிக்கொரு வேதிப்பொருளை இட்டால், தானியங்கி நுண்ணோக்கி ஒவ்வொன்றாகப் படமெடுக்கும். வடிவம், அளவு, ஒளிர்வு என்று ஒரு செல்லில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளைக் கணினி எடுக்கும். எந்தப் பொருள் செல்லை எப்படி மாற்றியது என்பது அதில் தெரிந்துவிடும்.

எர்லிக்கின் நீலம் இன்னும் ஓய்வு பெறவில்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும் மெத்தீமோகுளோபின் கோளாறுக்கு மருத்துவமனைகளில் ஊசி வழியாக ஏற்றப்படுவது அந்த மெத்திலீன் நீலமே.